வாகா கதவு மறுபடி திறக்குமா? இந்தியா–பாகிஸ்தான் வியாபாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயில் பதினோரு வருடம் கார்கோ கிளியரிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். மும்பை சரக்கு கராச்சிக்கும், கராச்சி சரக்கு மும்பைக்கும் எப்படிச் சுற்றி வளைத்துப் போகிறது என்று தினமும் பார்த்தவன் என்பதால், டிவியில் ஏதாவது செய்தி வந்தாலே சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னைத்தான் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இப்போது இரண்டு நாட்டுக்கும் நடுவில் வியாபாரம் நடக்கிறதா, இல்லையா?

நேரடியாக இல்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாளே இந்தியா, வாகாவுக்கு எதிரே நம் பக்கம் இருக்கும் அட்டாரி சோதனைச் சாவடியை மூடியது, சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, தூதரக ஆட்களின் எண்ணிக்கையை 55இலிருந்து 30 ஆகக் குறைத்தது. அதற்கு அடுத்த நாள் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டு, தன் மண் வழியாக வேறு நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் போய் வரும் சரக்கு உட்பட இந்தியாவோடு எல்லா வியாபாரத்தையும் நிறுத்தியது. மே 2 அன்று இந்தியா, பாகிஸ்தானில் விளைந்ததோ செய்ததோ எந்த வழியில் வந்தாலும் உள்ளே விடமாட்டோம் என்றது. பாகிஸ்தான் கொடி கட்டிய கப்பலுக்கும் தடை, தபாலுக்கும் தடை. மே 7 முதல் 10 வரை நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும்.

முன்னாடியாவது ஒழுங்காக நடந்ததா?

நடந்தது, அதுவும் எப்படி! பிரிவினை முடிந்த கையோடு, 1948–49இல், பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்தியாவுக்குத்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் வேறு வழியே இல்லை, சணல் விளையும் வயல் கிழக்கு வங்காளத்தில், அதை நெய்யும் ஆலை கல்கத்தாவில், பருத்தி மேற்குப் பஞ்சாபிலும் சிந்துவிலும், மில் பம்பாயிலும் அகமதாபாத்திலும். ஒரே வீட்டில் அடுப்பு ஒரு பக்கமும் விறகு ஒரு பக்கமுமாகச் சுவர் எழுப்பியது போல.

அதைக் கெடுத்தது போர் இல்லை, ரூபாய் மதிப்பு. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்ததும் இந்தியாவும் கூடவே குறைத்தது, பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. அவர்கள் ரூபாய்க்கு நம் ரூபாயைவிட அதிக மதிப்பா என்று இந்தியா ஒப்புக்கொள்ளவில்லை, வியாபாரம் ஏறக்குறைய நின்றேவிட்டது. 1951இல்தான் சரியானது. அதற்குள் கல்கத்தா ஆலைகளுக்காக இந்தியா தானே சணல் பயிரிட ஆரம்பித்துவிட்டது, பாகிஸ்தான் தானே ஆலை கட்ட ஆரம்பித்துவிட்டது. 1965 போரில் மறுபடி நின்றது, ஒன்பது வருடம் கழித்து 1974 கடைசியில்தான் பேசித் திறந்தார்கள்.

எம்எஃப்என் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன், அதாவது 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்பதன் சுருக்கம். பெயரைப் பார்த்து ஏதோ பெரிய சலுகை என்று நினைக்காதீர்கள். மற்ற உறுப்பு நாடுகளுக்குப் போடும் அதே வரியைத்தான் இவர்களுக்கும் போடுவோம் என்ற சாதாரண உலக வர்த்தக விதி அது, அவ்வளவுதான். இந்தியா 1996இல் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. பாகிஸ்தான் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. காகிதத்தில் எம்எஃப்என் இருந்தாலும் நடைமுறையில் இந்தியாவுக்குள் சரக்கு நுழைப்பது லேசில்லை என்று பாகிஸ்தான் வியாபாரிகள் புலம்புவார்கள்: தரச் சான்றிதழ், பரிசோதனைக் கூடம், விசா, வங்கி என்று ஒவ்வொன்றாக. என்னோடு வேலை பார்த்த கராச்சிக்காரர் ஒருவர், சிமென்ட் விஷயத்தில் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைந்த கதையைச் சொல்லும்போது எனக்குப் பதில் சொல்ல வாய் வராது.

2011 நவம்பரில் பாகிஸ்தான் அமைச்சரவை எம்எஃப்என் தர ஒப்புக்கொண்டது. 2012 மார்ச்சில் எதை வாங்கலாம் என்ற பட்டியலை எடுத்துவிட்டு, எதை வாங்கக் கூடாது என்று 1,209 பொருள் கொண்ட பட்டியலாக மாற்றினார்கள். ஏப்ரலில் அட்டாரியில் புது சோதனைச் சாவடி திறந்தது. 2014 ஜனவரியில் டெல்லியில் இரண்டு வர்த்தக அமைச்சர்களும் உட்கார்ந்து, எம்எஃப்என் என்ற பெயர் பாகிஸ்தானில் உறுத்துகிறது என்பதால் அதற்கு 'பாகுபாடில்லாத சந்தை அனுமதி' என்று வேறு பெயர் வைத்து முடிக்கப் பார்த்தார்கள். நூலிழையில் தவறியது. இந்தியாவில் தேர்தல் வந்தது, புது ஆட்சி வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள், அதோடு போயிற்று. 2019 புல்வாமா தாக்குதலில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்த மறுநாள் இந்தியா தன் எம்எஃப்என்னைத் திரும்பப் பெற்று, அதற்கு அடுத்த நாள் பாகிஸ்தான் சரக்கு எல்லாவற்றுக்கும் 200 சதவீத சுங்க வரி போட்டது.

அப்படி என்ன சாமான்தான் போய் வந்துகொண்டிருந்தது?

இங்கிருந்து பருத்தி, ரசாயனம், சாயம், மருந்து மூலப்பொருள், தக்காளி, வெங்காயம். அங்கிருந்து சிமென்ட், ஜிப்சம், தோல், உலர் பேரீச்சை, பழம். 2018–19இல் இந்தியா அனுப்பியது சுமார் 2 பில்லியன் டாலர், வாங்கியது சுமார் அரை பில்லியன்.

உங்கள் வீட்டு அடுக்களையிலேயே ஒன்று இருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கல் கல்லாக, இளஞ்சிவப்பு ஓடியபடி கிடைக்குமே இந்துப்பு, இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லி அம்மா வாங்கி வைத்திருப்பார்களே, அதில் பெரும்பகுதி பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வந்தது. சிந்து நாட்டு உப்பு என்பதால்தான் வடமொழியில் அதற்கு சைந்தவம் என்று பெயர். இந்தியாவில் பாறை உப்பு வெட்டுவது ஹிமாசலில் மண்டி பக்கம் கொஞ்சம், அது நாட்டுக்கே காணாது. எங்கள் அம்மா வைத்திருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பேக் செய்த ஊர் இருந்தது, வெட்டிய ஊர் இல்லை.

நேரடி வியாபாரம் நின்றால் துபாய் வழியாகப் போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதைத்தான் நான் பார்த்தேன். மும்பையிலிருந்து கராச்சி கடல் வழியில் சுமார் 900 கிலோமீட்டர். மும்பையிலிருந்து துபாயின் ஜெபல் அலி துறைமுகம் வந்து, அங்கிருந்து கராச்சி போனால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பெட்டி வந்து இறங்கும், ஃப்ரீ ஸோன் குடோனில் சீலை உடைப்பார்கள், சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றுவார்கள், புதிதாக பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீது போடுவார்கள், அப்புறம் வேறு கப்பல். இதற்கு இரண்டு முறை இறக்குக் கூலி, குடோன் வாடகை, இடைத்தரகர் கமிஷன், கூடவே இரண்டு மூன்று வாரம் தாமதம். கடைசியில் லாகூரில் மாத்திரை வாங்குகிறவரும் லூதியானாவில் நூல் விற்கிறவரும் சேர்ந்துதான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அமிர்தசரஸிலிருந்து லாகூர் வெறும் 50 கிலோமீட்டர், லாரி ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரும் தூரம்.

இப்படி துபாய், சிங்கப்பூர், கொழும்பு வழியாகப் பாகிஸ்தானுக்குப் போகும் இந்தியச் சரக்கு வருடத்துக்கு 10 பில்லியன் டாலருக்கு மேல் இருக்கும் என்று ஜிடிஆர்ஐ என்ற டெல்லி ஆய்வு அமைப்பு 2025இல் கணக்கிட்டது. நேரடியாகப் போனதைப்போல பல மடங்கு. 2025 மே தடைக்குப் பிறகு எதிர்த் திசையிலும் கெடுபிடி வந்தது. ஜூன் மாதம் மும்பை பக்கம் நவசேவா துறைமுகத்தில், துபாய் சரக்கு என்று காகிதம் காட்டி வந்த 39 பெட்டிகளை வருவாய் புலனாய்வுத் துறை பிடித்தது. 1,100 டன்னுக்கு மேல் பாகிஸ்தான் சரக்கு, பேரீச்சை உட்பட.

சீனாவோடும் எல்லைச் சண்டைதான், அங்கே மட்டும் வியாபாரம் எப்படி நிற்காமல் ஓடுகிறது?

நான் சொல்ல வருவதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

2020இல் கல்வானில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். பல ஆப்களைத் தடை செய்தோம், சீன முதலீட்டுக்கு அனுமதி அந்த வருடம் அதற்குச் சற்று முன்பே கட்டாயமாகியிருந்தது, கோவிட்டில் நின்ற நேரடி விமானத்தைப் பல வருடம் மறுபடி விடவில்லை. வியாபாரத்தை நிறுத்தவில்லை. 100 பில்லியன் டாலரைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. காரணம் பாசம் இல்லை. நிறுத்தியிருந்தால் மொபைல் ஃபேக்டரி நின்றிருக்கும், மருந்துக் கம்பெனி நின்றிருக்கும், சோலார் பேனல் வராது, மறுநாள் காலையில் ஆயிரம் முதலாளிகள் அமைச்சர் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள்.

பாகிஸ்தான் வியாபாரத்தை நிறுத்தினால் யார் நிற்பார்கள்? இந்தியாவின் மொத்த வியாபாரத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் அட்டாரியில் மூட்டை தூக்கும் போர்ட்டர்கள், லாரிக்காரர்கள், சாலையோர டாபா நடத்துகிறவர்கள், அமிர்தசரஸில் உலர் பழ வியாபாரிகள், அந்தப் பக்கம் சிந்துவின் கைர்பூரில் பேரீச்சை காய வைக்கும் குடும்பங்கள். இவர்கள் சத்தம் டெல்லிக்கோ இஸ்லாமாபாத்துக்கோ எட்டாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கோபத்தைக் காட்ட முதலில் மூடப்படுவது இந்தக் கதவு. மூடுகிற அரசுக்கு அது ஓட்டில் ஒன்றும் செலவு வைப்பதில்லை. வியாபாரம் சிறியதாக இருப்பதால் சுலபமாக மூடுகிறார்கள், சுலபமாக மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் யாரும் பெரிதாக முதலீடு செய்வதில்லை, அதனால் அது சிறியதாகவே கிடக்கிறது. தடைகள் விலகினால் 37 பில்லியன் டாலர் வரை போகக்கூடிய வியாபாரம் 2 பில்லியனில் நிற்கிறது என்று உலக வங்கி 2018இல் எழுதியது. இடையில் இருக்கும் 35 பில்லியன் என்பது வரி மட்டும் அல்ல, இந்தப் பயமும்தான்.

அரசுகள் சமாதானமானால் வியாபாரம் தானாக வரும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது, வியாபாரம் வந்தால் சமாதானம் தானாக வரும் என்று இன்னொரு கூட்டம். நான் பார்த்தவரை இரண்டுமே பாதி. மூடினால் வலிக்கிற அளவுக்கு வியாபாரம் வளரும்வரை அதை யாராவது காப்பாற்றித் தர வேண்டும், அந்தக் காலத்தைத்தான் எந்த அரசும் தரவில்லை.

பாகிஸ்தானுக்கு நஷ்டம் அதிகம் தானே, அவர்களே ஏன் இறங்கி வரக்கூடாது?

வந்து பார்த்தார்கள். 2021 பிப்ரவரியில் இரு ராணுவமும் எல்லைக் கோட்டில் சண்டை நிறுத்தம் அறிவித்தன. பின்னணியில் ஐக்கிய அரபு அமீரகம் இருந்ததை அமெரிக்காவில் இருந்த அதன் தூதரே பிறகு சொன்னார். மார்ச் 31 அன்று, பதவியேற்று இரண்டு நாளே ஆன நிதியமைச்சர் ஹம்மாத் அஸ்ஹர், இந்தியாவிலிருந்து சர்க்கரையும் பருத்தியும் வாங்கப்போகிறோம் என்று அறிவித்தார். சர்க்கரை விலை அங்கே எகிறிக் கிடந்தது, பருத்தி விளைச்சல் விழுந்து நூல் மில்கள் தவித்தன. மறுநாளே அமைச்சரவை அதை நிறுத்தியது, காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கிய 2019 ஆகஸ்ட் முடிவை இந்தியா மாற்றாமல் முடியாது என்று. இதில் கவனிக்க வேண்டியது, வர்த்தகத் துறை அப்போது பிரதமர் இம்ரான் கான் கையிலேயே இருந்தது. துறை அமைச்சராக அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கோப்பை, பிரதமராக அவரே நிறுத்தினார். அன்று எங்கள் ஆபீஸில் வேலை பார்த்த பழைய நண்பர்கள் போன் பண்ணினார்கள், காலையில் பருத்திக்கு விலை கேட்டவர்கள் மாலையில் கேட்டதையே மறந்துவிடச் சொன்னார்களாம்.

2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் பெரும் பரப்பு மூழ்கியபோது நிதியமைச்சர் மிஃப்தா இஸ்மாயில் இந்தியாவிலிருந்து காய்கறி வாங்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னார். அதுவும் நடக்கவில்லை, ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வெங்காயம் வந்தது. 2024 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் இஷாக் தார் லண்டனில் இதையே யோசிப்போம் என்றார். வியாபாரிகள் கேட்கிறார்கள், அமைச்சர்கள் வாய் திறக்கிறார்கள். ஆனால் அங்கே இந்தியா விஷயத்தில் கடைசி வார்த்தை ராணுவத்துடையது, தொழிற்சங்கமோ வர்த்தக சபையோ அதைத் தாண்ட முடியாது.

ஆட்களைக் கொல்ல அனுப்புகிறவர்களோடு என்ன வியாபாரம் வேண்டிக் கிடக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வராது. வாஜ்பாய் 1999 பிப்ரவரியில் பஸ்ஸில் லாகூர் போனார், சில மாதத்தில் கார்கில். மோடி 2015 டிசம்பர் 25 அன்று திடீரென்று லாகூரில் இறங்கினார், ஒரு வாரத்தில் பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதல். நடுவில் 2008 மும்பை. கை நீட்டிய ஒவ்வொரு முறையும் அடி விழுந்தால் யாருக்குத்தான் நம்பிக்கை இருக்கும்?

என் பதில் இதுதான். ஆயுதமும் பணமும் போகிற வழியை அடைத்துவிடுங்கள், அதற்கு வங்கிக் கண்காணிப்பு இருக்கிறது, சர்வதேச அழுத்தம் இருக்கிறது. பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைக் கண்காணிக்கும் எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு, பாகிஸ்தானை 2018 முதல் 2022 வரை சாம்பல் பட்டியலில் வைத்தது அங்கே உறைத்தது. பேரீச்சை மூட்டையை நிறுத்தியதால் எந்த முகாமும் மூடியதாக எனக்குத் தெரியவில்லை. 2019இலேயே நேரடி வியாபாரம் பெரிதும் சுருங்கிவிட்டது, பஹல்காம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

வேறு நாடு சமரசம் செய்து வைக்காதா?

ரகசியமாக உதவலாம், மேடையில் நின்று முடியாது. 1972 சிம்லா ஒப்பந்தப்படி இருவரும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும் என்பது இந்தியாவின் நிலை. 2025 மே சண்டை நிறுத்தத்தை நான்தான் செய்தேன் என்று டிரம்ப் திரும்பத் திரும்பச் சொன்னது இந்தியாவில் எரிச்சலைத்தான் கிளப்பியது. 2021இல் அமீரகம் செய்தது போல சத்தமில்லாமல் ஓட்டல் அறையில் உட்கார வைப்பதே வேலைக்கு ஆகும்.

சிந்து நதி ஒப்பந்தம் இதில் எங்கே வருகிறது?

1960இல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டது, மூன்று போர் வந்தும் நிற்காமல் ஓடியது, 2025இல் நின்றது. பாகிஸ்தானின் வயல்களுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். ஆகவே வியாபாரம் பேச உட்கார்ந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் எடுப்பார்கள். ஒரு சின்ன விஷயம்: 2025 ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆற்றில் வெள்ளம் வந்தபோது இந்தியா பாகிஸ்தானை முன்கூட்டியே எச்சரித்தது, ஒப்பந்தப்படி ஆணையம் மூலமாக இல்லை, மனிதாபிமான அடிப்படையில் தூதரகம் மூலமாக. கதவெல்லாம் மூடிக் கிடந்த நேரத்தில் அந்தத் தகவல் போனது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

கொஞ்சம்தான். குன்னூர் ஏலத்தில் பாகிஸ்தானுக்காக டஸ்ட் டீ வாங்கியவர்கள் இருந்தார்கள். உலகத்திலேயே அதிகம் தேயிலை இறக்குமதி செய்யும் நாடுகளில் பாகிஸ்தான் ஒன்று, அந்தச் சந்தையைக் கென்யா வைத்திருக்கிறது. இதய மாற்றுச் சிகிச்சைக்குச் சென்னை வந்த பாகிஸ்தான் நோயாளிகள் உண்டு. 2025 ஏப்ரலில் மருத்துவ விசாவுக்குக்கூட 29ஆம் தேதியோடு முடிவு கட்டினார்கள். இலங்கைக்கு வேறு கணக்கு, அங்கிருந்து வெற்றிலை நிறையக் கராச்சிக்குப் போகிறது.

சரி, அடுத்த சில வருடத்தில் நிலைமை மாறுமா?

பெரிய ஒப்பந்தம், கட்டிப்பிடித்துப் போட்டோ, அதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சின்னச் சின்னதாக வரும் என்று நம்புகிறேன், அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. எவ்வளவு மோசமான வருடத்திலும் ஜனவரி 1 அன்று இரு நாடும் அணு நிலையப் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, 1992இலிருந்து விட்டதில்லை. அன்றே சிறையில் இருக்கும் மீனவர்கள் பட்டியலும் கைமாறுகிறது. 2025 நவம்பரில் குரு நானக் பிறந்த நாளுக்காக சுமார் இரண்டாயிரம் சீக்கிய யாத்ரீகர்களை அட்டாரி வழியாகப் போக விட்டார்கள்.

முதலில் வான்வெளி திறக்கும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் அதில் மட்டும்தான் இரு பக்கமும் பெரிய நிறுவனங்களுக்கு வலிக்கிறது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சுற்றிப் போகும் விமானத்துக்கு எரிபொருள் செலவு, மேலே பறக்க வாங்கும் கட்டணம் பாகிஸ்தானுக்கு இழப்பு. 2025இல் அந்தத் தடையை மாதா மாதம் நீட்டிக்கொண்டே போனார்கள். அப்புறம் பாகிஸ்தானில் இருக்கும் கர்தார்பூர் குருத்வாராவுக்கான யாத்திரைப் பாதை, மருத்துவ விசா, 2019இலிருந்து இரு தலைநகரிலும் இல்லாத ஹை கமிஷனர்கள். சரக்கு லாரி அதற்கெல்லாம் பின்னால்தான். அந்த நாள் வந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம் என்பேன். மருந்து, உப்பு, பேரீச்சை, தக்காளி என்று பத்து இருபது பொருளை எடுத்து, என்ன நடந்தாலும் இதைத் தொடமாட்டோம் என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். 2019 ஆகஸ்டில் எல்லாவற்றையும் நிறுத்திய பாகிஸ்தான் அடுத்த மாதமே மருந்துக்கு மட்டும் விலக்கு கொடுத்ததே, அப்படி.

செய்தியில் எதைப் பார்த்தால் மாற்றம் வருகிறது என்று புரியும்?

அமைச்சர்கள் பேட்டியை விடுங்கள். அட்டாரியில் சாயங்காலம் கொடி இறக்கும் நிகழ்ச்சியைப் பாருங்கள். முன்னெல்லாம் இரும்புக் கதவைத் திறந்து, இரு பக்க வீரர்களும் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டே ஒரு கை குலுக்குவார்கள். 2025 மே மாதம் நிகழ்ச்சி மறுபடி தொடங்கியபோது கதவைத் திறக்கவில்லை, கை குலுக்கலும் இல்லை. செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் துபாயில் நம் கிரிக்கெட் வீரர்களும் கை கொடுக்காமல் திரும்பினார்கள். என்றைக்கு அந்தக் கதவைத் திறந்து மறுபடி கை குலுக்குகிறார்களோ, அன்று என் பழைய கராச்சி நண்பருக்குப் போன் பண்ணி பேரீச்சைக்கு என்ன விலை என்று கேட்பதாக இருக்கிறேன்.